ஸ்டோர் அறையை ஒழுங்குபடுத்திய வாரம்

எங்கள் வீட்டு ஸ்டோர் அறையின் கதவைச் சாத்துவதற்குப் பெரியம்மா இடுப்பைத்தான் பயன்படுத்துவார். கையால் தள்ளினால் அது சாத்தாது. உள்ளேயிருந்து எப்போதும் ஏதாவது ஒன்று வெளியே வரப் பார்க்கும். குடைக் கம்பி, சுருட்டிய பாய், எப்போதோ கெட்டுப்போன ரைஸ் குக்கரின் வயர். முதலில் அதைக் காலால் உள்ளே தள்ளுவார். பிறகு திரும்பி நின்றுகொண்டு இடுப்பால் ஓங்கி ஓர் இடி. கதவு சாத்திக்கொள்ளும். சேலைத் தலைப்பை உதறிவிட்டு, பெரிய காரியம் ஒன்றை முடித்த தோரணையில் அடுப்படிக்குப் போவார். ஆயர் ஈத்தாமில் எட்டாவது மாடி வீடு எங்களுடையது. அந்த இடியைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். ஸ்டோர் அறை என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். ஜன்னல் இல்லாத, ஓர் ஆள் உள்ளே போனால் திரும்ப முடியாமல் பின்னாலேயே நடந்து வெளியே வரவேண்டிய ஒரு பொந்து அது.

அதற்குள் பாதிக்கு மேல் இருந்தவை சாமி சாமான்கள். கை உடைந்த அந்தோணியார், கண்ணாடி போன திரு இருதயப் படம், அறுந்த செபமாலைகள் நிறைந்த பிஸ்கட் டின், தீர்த்தம் வற்றிப்போன போத்தல்கள், மெழுகுதிரி அடிக்கட்டைகள். எல்லாம் சாமியார் மந்திரித்துக் கொடுத்தவை. மந்திரித்ததைக் குப்பையில் போடக்கூடாது என்பது பெரியம்மாவின் வீட்டுச் சட்டம். எரிக்கலாம், இல்லாவிட்டால் புதைக்கலாம். எட்டாவது மாடியில் எங்கே எரிப்பது, எங்கே புதைப்பது? அதனால் எல்லாம் ஸ்டோருக்குள் போயின. அந்தோணியார் குப்பை லோரியில் போவதை நினைத்தாலே அவருக்கு நெஞ்சு அடைத்துவிடும். எங்கள் வீட்டிலிருந்து வெளியே போக அனுமதி பெற்ற மந்திரித்த பொருள் ஒன்றே ஒன்றுதான். குருத்து ஞாயிறன்று கோயிலில் கொடுக்கும் குருத்தோலை. அது ஒரு வருடம் ஹாலில் சிலுவைக்குப் பின்னால் செருகியிருக்கும். மறுவருடம் நாற்பது நாள் தபசு காலம் தொடங்குவதற்கு முன் கோயில் வாசலில் ஓர் அட்டைப் பெட்டி வைப்பார்கள். காய்ந்த பழைய ஓலைகளை அதில் போட்டுவிட வேண்டும். அவற்றை எரித்துச் சலித்துத்தான், தபசின் முதல் நாளான சாம்பல் புதனுக்கு எல்லோர் நெற்றியிலும் பூசுகிற சாம்பலைச் செய்வார்கள்.

பெரியம்மாவை முதல் தடவை பார்க்கிறவர்கள் கொஞ்சம் தடுமாறுவார்கள். சேலை, கொண்டை, காதில் கல்தோடு, வாயைத் திறந்தால் ரப்பர் தோட்டத்துத் தமிழ். முகம் மட்டும் முழுச் சீன முகம். சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டத்தில் பிள்ளையில்லாமல் இருந்த ஒரு தமிழ்த் தம்பதி, பிறந்து சில நாளே ஆன சீனப் பெண் குழந்தையை வாங்கி வளர்த்தார்கள். அந்தக் காலத்தில் இது இங்கே புதிய விஷயம் இல்லை. இரண்டு வருடம் கழித்து அவர்களுக்கே ஒரு பெண் பிறந்தது. அது என் அம்மா. அம்மா எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது இறந்துபோனார். அதன்பிறகு எனக்கு எல்லாமே பெரியம்மாதான். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீடுகளில் சமையல் வேலை செய்து என்னைப் படிக்க வைத்தார். பஸ்ஸில் சீனக் கிழவிகள் அவரிடம் ஹாக்கியன் சீனத்தில் பேச்சுக் கொடுப்பார்கள். புரிந்தாலும் புரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "என்னாவாம் பாப்பா இந்தம்மாவுக்கு?" என்று என்னிடம் தமிழில் கேட்பார். அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்த்து வீடு வரும்வரை சிரித்துக்கொண்டு வருவோம்.

சிரிக்க முடியாத ஒன்றும் இருந்தது. அவரிடம் பிறப்புப் பத்திரம் இல்லை. கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. இந்த நாட்டில் இருந்துகொள்ளலாம், ஆனால் இந்த நாட்டவர் இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம். ஓட்டு இல்லை, பாஸ்போர்ட் இல்லை. எங்கே போனாலும் அந்த அட்டையை நீட்டும்போது அவர் தலை தானாகக் குனியும். குடிமக்களுக்குக் கொடுக்கும் நீல அட்டைக்கு மனு போடலாம் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். "இனிமே எனக்கு என்னாத்துக்குலா நீல ஐசி? பொட்டியில படுக்கப் போறவளுக்கு" என்று தள்ளிவிடுவார். அவருக்கு எழுபது நெருங்கும்போது நான் விடாப்பிடியாக நின்று மனுவைப் போட்டேன். சில மாதங்களில் நேர்காணலுக்குக் கடிதம் வந்தது. இங்கேதான் பிறந்தார் என்பதற்கு இருக்கிற ஆதாரம் எதுவாக இருந்தாலும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். படித்துக் காட்டினேன். "அதெல்லாம் இருக்குது. பத்திரமா இருக்குது" என்றார். ஞானஸ்நானச் சீட்டைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அது இரும்பு அலமாரியில் இருந்தது எனக்குத் தெரியும்.

இனி என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும், சொல்லாமல் இந்தக் கதை நகராது. நான் பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள். கல்யாணம் என்று ஒன்று ஆகி, மூன்று வருடத்தில் முடிந்து, பெரியம்மாவிடமே திரும்பி வந்தபிறகு எனக்குப் பெருமைப்பட இருந்தது அந்த வேலை ஒன்றுதான். எங்கள் பகுதியில் பொருள்களை ஒழுங்காக வைப்பதற்கு நான்தான் பொறுப்பு. ஸ்க்ரூடிரைவர் தொங்குகிற இடத்தில் ஸ்க்ரூடிரைவரின் உருவத்தை வரைந்து வைப்போம். எல்லா அலமாரிக்கும் பெயர்ச் சீட்டு. ஒரு பொருள் வேண்டுமா வேண்டாமா என்று சந்தேகம் வந்தால் அதில் சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டி மூலையில் வைத்துவிடுவோம். ஒரு வாரத்துக்குள் யாரும் வந்து கேட்காவிட்டால் அது வெளியே போகும். இரண்டு தடவை பரிசு வாங்கியிருக்கிறேன். மேடையேறிப் பரிசு வாங்கி, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் உள்ளே டம் என்று அந்த இடுப்பு இடி கேட்கும். எனக்கு மானம் போனது மாதிரி இருக்கும்.

அந்த வருடம் பெரியம்மாவுக்குக் கண் புரை ஆபரேஷன் நடந்தது. ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடி. இன்னொரு கண் ஏற்கெனவே மங்கல். குனியக்கூடாது, தூக்கக்கூடாது, தூசி படக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஹாலில் நீள நாற்காலியில் படுத்துக்கொண்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் இரண்டு வாரம் லீவு போட்டிருந்தேன். இத்தனை வருடமாக நான் காத்திருந்த வாய்ப்பு இதுதான் என்று எனக்குப் பட்டது. அவர் கண் திறக்கும்போது ஸ்டோர் அறை பளிச்சென்று இருக்க வேண்டும். நேர்காணலுக்கு வேண்டிய காகிதங்களும் எங்கேயாவது அகப்பட்டால் எடுத்து வைத்துவிடலாம் என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன்.

முதல் நாளே எல்லாவற்றிலும் சிவப்பு அட்டை கட்டினேன். குக்கருக்கு ஒன்று, குடைகளுக்கு ஒன்று, அந்தோணியாருக்கு ஒன்று. தொழிற்சாலையில் செய்கிற மாதிரியே தேதி எழுதி, ஒரு வாரம் காத்திருந்தேன். யாரும் வந்து கேட்கவில்லை. கேட்கக்கூடிய ஒரே ஆள் கண்ணில் மூடியோடு ஹாலில் படுத்திருந்தார். இதை இன்று எழுதும்போது கை கூசுகிறது. அன்று கூசவில்லை. சட்டப்படிதான் செய்கிறேன் என்றே இருந்தேன்.

வாரம் முடிந்த சனிக்கிழமை காலை சாமான்களைப் பிரித்தேன். குக்கரும் பாய்களும் கீழே குப்பை போடும் பெரிய தோங்குக்குப் போயின. சாமி சாமான்களை ஒரு பெட்டியில் போட்டுச் சீட்டு ஒட்டினேன். அப்போது மேல்தட்டின் கோடியில் ஒரு துணி மூட்டை கையில் அகப்பட்டது. என் முழங்கை நீளம் இருக்கும். பழுப்பேறிய வெள்ளைத் துணி, மேலே நூலால் வரிந்து கட்டியிருந்தது. அதைச் சுற்றிலும் காய்ந்த குருத்தோலைகள், ஒன்றின் மேல் ஒன்றாகப் பல வருடத்து ஓலைகள். அழுத்திப் பார்த்தேன். சரசரவென்று ஓலைச் சத்தம்தான் கேட்டது. பிரித்துப் பார்க்கவில்லை. மந்திரித்த ஓலையைச் சுற்றிக் கட்டியதை நாமாகப் பிரிக்கக்கூடாது என்று இந்த வீட்டில் வளர்ந்த எனக்கு இருந்த பயம் ஒன்று. இன்னும் மூன்று தட்டு பாக்கி இருக்கிறதே என்ற அவசரம் இன்னொன்று.

"பாப்பா, என்னா பண்ற அங்க? ரொம்ப நேரமா சத்தம் கேக்குது."

"சும்மா தூசி தட்டுறேன் பெரியம்மா."

"தூசி எனக்கு ஆகாதுலா. கதவை மூடிக்க."

கதவைப் பாதி மூடிக்கொண்டேன். மூட்டை என் கையில் இருந்தது. அடுத்த நாள் ஞாயிறு. கோயில் வாசலில் பெட்டி வைத்திருந்தார்கள். ஸ்டோருக்குள் நின்றபடியே கேட்டேன். "பெரியம்மா, பழைய குருத்தோலையெல்லாம் கோயிலுக்குக் கொடுத்துடவா?"

"கொடு, கொடு. பழசெல்லாம் கொடுத்துடு. சாம்பலுக்கு வேணும்ல அவங்களுக்கு" என்றார்.

ஹாலில் சிலுவைக்குப் பின்னால் செருகியிருந்த ஓலையைத்தான் அவர் நினைத்தார். அவர் அதைத்தான் நினைப்பார் என்று எனக்குத் தெரியும். ஸ்டோரில் மேல்தட்டில் ஒரு துணி மூட்டை இருக்கிறதே என்று கேட்டிருந்தால், "அது கெடக்கட்டும், தொடாதே" என்றிருப்பார். எதைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தால் அந்த அறையிலிருந்து ஓர் ஊசிகூட வெளியே போகாது. அதனால் ஆமாம் என்ற பதில் வருகிற மாதிரி கேள்வியைக் கேட்டேன். பதில் வந்தது. மறுநாள் ஹால் ஓலையையும் அந்த மூட்டையையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோய் அட்டைப் பெட்டியில் வைத்தேன். மரியாதையாக, மேலே எறியாமல், இரண்டு கையாலும் வைத்தேன்.

பூசை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் ஒரு தகர தோங்கில் போட்டு எரித்தார்கள். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன்தான் எரித்தார். காப்பியும் காரிபாப்பும் கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டு நின்றேன். புகை என் பக்கம் திரும்பியபோது, போன மாதம் எடுத்த சேலையில் வாடை ஏறுகிறதே என்று தள்ளி நின்றேன். அந்தப் புகை எதுவென்று தெரியாமல் காரிபாப் தின்றுகொண்டு நின்ற என்னை நான் அதற்குப் பிறகு எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். கண்ணை மூடினால் போதும், நான் அங்கே மென்றுகொண்டு நிற்பேன்.

மறுநாள் திங்கள். நேர்காணல் செவ்வாய்க்கிழமை காலை. மத்தியானம் ஃபைலைத் தயார் செய்தேன். ஞானஸ்நானச் சீட்டு, சிவப்பு அடையாள அட்டையின் நகல், கடிதம். எல்லாம் இருக்கிறது பெரியம்மா என்று சொன்னேன். அவர் எழுந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். வீட்டில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

"ஸ்டோர்ல மேல்தட்டுல, கோடியில ஒரு துணி மூட்டை இருக்கும். அத எடுத்துட்டு வா. பிரிக்காம எடுத்துட்டு வா."

என்ன மூட்டை என்று கேட்டேன். அவர் சொன்னார். அவரைக் கொண்டுவந்து கொடுத்தபோது சுற்றியிருந்த துணியாம் அது. அதற்குள் ஒரு சிவப்புக் காகிதம். பெற்ற தாய் பெயர், பிறந்த ஊர், பிறந்த நேரம் எல்லாம் சீன எழுத்தில் எழுதி, குழந்தையோடு கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இதை வெளியே காட்டினால் அவர்கள் வந்து உன்னைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று வளர்த்த தாய் பயமுறுத்தி வைத்திருந்தார். அந்தப் பயத்திலேயே ஐம்பது வருடத்துக்கு மேல் யாரிடமும் காட்டாமல் வைத்திருந்திருக்கிறார், என்னிடம்கூட. கறையான் தொடக்கூடாது, கெட்டது எதுவும் அண்டக்கூடாது என்று ஒவ்வொரு குருத்து ஞாயிறும் ஓர் ஓலையை அதன்மேல் சுற்றி வந்திருக்கிறார். எண்ணிப் பார்த்திருந்தால் எத்தனை ஓலை இருந்திருக்குமோ.

"அந்தப் பேப்பர்ல ஊரு எழுதியிருக்குது பாப்பா. இங்கதான் பொறந்தேன்னு எழுதியிருக்குது. நாளைக்கு அதக் காட்டிடுவோம். இனிமே யாரு வந்து என்னைத் தூக்கிட்டுப் போவாங்க?" என்று சிரித்தார்.

எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்டோர் அறைக்குள் போனேன். அங்கே இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தேடினேன். நானே சீட்டு எழுதி ஒட்டிய பெட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தரையில் கொட்டினேன். மேல்தட்டைக் கையால் தடவினேன். துடைத்து வைத்திருந்த பலகையில் தூசிகூட ஒட்டவில்லை. மூட்டை அந்தப் பெட்டியில் கலந்திருக்குமோ, இந்தப் பெட்டியில் கலந்திருக்குமோ என்று பைத்தியம் மாதிரி திரும்பத் திரும்பப் பார்த்தேன். செபமாலைகளைத் தரையில் பரப்பிவைத்துக்கொண்டு, நான் கோயிலுக்குக் கொண்டுபோனது வேறொரு மூட்டையாக இருக்கட்டும் ஆண்டவரே என்று மன்றாடினேன். அந்த அறையில் வேறு மூட்டை எதுவுமே இருந்ததில்லை.

கடைக்குப் போய்வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுக் கீழே ஓடினேன். லிப்ட் வரத் தாமதமானது, எட்டு மாடியும் படியில் இறங்கினேன். கோயிலில் அந்த அண்ணன் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவர் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார்.

"ஒரு துணி மூட்டை இருந்துச்சு தங்கச்சி. மந்திரிச்ச துணின்னு நெனச்சு பிரிக்காம அப்படியே போட்டுட்டேன். நம்ம ஆளுங்க அப்படித்தானே கொண்டாந்து கொடுப்பாங்க?"

அவர்மேல் என்ன குற்றம்? நான் பிரிக்காத அதே காரணத்துக்காகத்தான் அவரும் பிரிக்கவில்லை. சும்மா ஒரு பழைய துணி என்று நினைத்திருந்தால் நான் அதைக் கீழே குப்பைத் தோங்கில் போட்டிருப்பேன். குப்பை லோரி செவ்வாய்க்கிழமைதான் வரும். தோங்கைக் கவிழ்த்தாவது எடுத்திருக்கலாம். மரியாதை செய்யப்போய் இப்படி ஆனது. பின்னால் போய்த் தகர தோங்கைச் சாய்த்துப் பார்த்தேன். கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். சாம்பலைச் சலித்துவிட்டேன் என்றார் அண்ணன். பூசைப் பொருள்கள் வைக்கும் அறைக்குக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு கண்ணாடி ஜாடியைக் காட்டினார். கறுப்பாக, மாவு மாதிரி மெல்லியதாக இருந்தது. திறக்கட்டுமா என்று கேட்டேன். அவர் மூடியைத் திருகிக் கொடுத்தார். விரலை விட்டுத் துழாவினேன். எதைத் தேடினேன் என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு சிவப்புத் துணுக்கு, ஓர் எழுத்து, ஏதாவது. அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக வெளியே எடுத்தார். "போதும் தங்கச்சி. இதுல ஒண்ணும் இல்ல" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஏழு இருக்கும். மழை பிடித்திருந்தது. பெரியம்மா விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார். நான் அவர் காலடியில் உட்கார்ந்து சொன்னேன். ஓலையோடு ஓலையாகக் கோயிலுக்குப் போய்விட்டது, எரித்துவிட்டார்கள் என்று சொன்னேன். கேள்வியை எப்படிக் கேட்டேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் அழவில்லை. "நான்தானே கொடுன்னு சொன்னேன்" என்றார். "நீ கேட்டே. நான்தானே பழசெல்லாம் கொடுன்னு சொன்னேன்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். வந்தது வேறு கேள்வி. "அதில் இருந்த பெயர் உங்களுக்கு ஞாபகம் இருக்கா பெரியம்மா?"

பதினெட்டு வயதில் ஒரே ஒரு தடவை அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். சந்தைப் பக்கம் சீன மருந்துக் கடையில் இருந்த பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துக் காட்டினாராம். "அம்மா பேரு படிச்சாரு. ஊரு பேரு படிச்சாரு. கடையில ஆளுங்க இருந்தாங்க, எனக்கு வெக்கமாப் போச்சு. சரி சரின்னு புடுங்கிட்டு ஓடியாந்துட்டேன். பேருதான் பேப்பர்ல இருக்கே, எங்க போயிடப் போவுதுன்னு விட்டுட்டேன்." பிறகு உதடுகளை அசைத்து அசைத்துப் பார்த்தார். ஏதோ ஒரு சத்தத்தை வாயால் பிடிக்கப் பார்க்கிறார் என்று தெரிந்தது. இரண்டு மூன்று தடவை ஏதோ தொடங்கினார். ஒவ்வொரு தடவையும் இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டார். என் வாழ்நாளில் அதைவிடக் கொடுமையான ஒன்றை நான் பார்த்ததில்லை.

மறுநாள் நேர்காணலுக்குப் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் இளவயது, நல்ல மாதிரி. பெரியம்மாவின் கண்ணில் இருந்த மூடியைப் பார்த்து நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார். "நாமா இபு?" என்று தாயின் பெயரைக் கேட்டார். பெரியம்மா வளர்த்த தாயின் பெயரைச் சொன்னார். அந்தப் பெண் தலையசைத்துவிட்டு, பெற்ற தாயின் பெயர் என்று மெதுவாகத் திருப்பிக் கேட்டார். பெரியம்மா கடைத்தெருவில் கற்ற பாசார் மலாயில் சொன்னார். "ஆடா கெர்தாஸ். சுடா பாக்கார்." காகிதம் இருந்தது, எரிந்துவிட்டது என்று.

யார் எரித்தது என்று அந்தப் பெண் கேட்டார். நான் பக்கத்து நாற்காலியில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஃபைலின் முதுகில் என் கையெழுத்தில் அழகாகப் பெயர்ச் சீட்டு ஒட்டியிருந்தது.

"சாயா சென்டிரி சூரோ" என்றார் பெரியம்மா. நானேதான் எரிக்கச் சொன்னேன். நிமிர்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சில் வைத்துச் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண் படிவத்தில் தாயின் பெயருக்கான கட்டத்துக்குள் தெரியவில்லை என்று மலாயில் எழுதினார். வேறு ஏதாவது கிடைத்தால் எப்போது வேண்டுமானாலும் கொண்டுவாருங்கள் என்று வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினார். ஞானஸ்நானச் சீட்டில் வளர்த்தவர்கள் பெயர்தான் இருந்தது. எங்களுக்கு வேறு கிடைக்க என்ன இருந்தது? மருந்துக் கடைப் பெரியவர் இறந்து பல வருடமாகியிருந்தது. மனு அதோடு நின்றது. இரண்டாவது வருடம் பெரியம்மா தூக்கத்திலேயே போய்விட்டார். அவர் கைப்பையில் அந்தச் சிவப்பு அட்டை இருந்தது.

இப்போது அந்த வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன். ஸ்டோர் அறையில் நான்கு பெட்டிகள்தான் இருக்கின்றன. கதவு ஒரு விரலால் தள்ளினால் சாத்திக்கொள்கிறது, சத்தமே வருவதில்லை. பார்க்க வருகிறவர்கள் எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறீர்கள் அக்கா என்கிறார்கள். ஆறு வருடமாக யாரிடமும் சொல்லாத அந்தக் கேள்வியை இங்கே எழுதிவிட்டேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட, கவனக்குறைவாக ஒன்றை எரிக்கக் கொடுத்துவிட்டேன் என்றுதான் சொன்னேன். அவரும் மனசைப் போட்டு வருத்திக்காதம்மா என்று சொல்லிப் பாவமன்னிப்புக் கொடுத்தார். நான் சொல்லாத பாவத்துக்கு அந்த மன்னிப்பு எப்படிப் பொருந்தும்?

அந்த வருடம் நேர்காணலுக்கு மறுநாள் சாம்பல் புதன். பெரியம்மா போகவேண்டாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். மத்தியானமே குளித்து, வெளுத்த சேலை கட்டிக்கொண்டு தயாராகிவிட்டார். சாயங்காலப் பூசைக்குக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். பிரசங்கம் முடிந்து எல்லோரும் வரிசையாக எழுந்தார்கள். சாமியார் கையில் ஒரு சின்னக் கிண்ணம். அது எந்த ஜாடியிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பெரியம்மா எழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். பீடத்தருகே கொண்டுபோய் விட்டுவிட்டு, வரிசையிலிருந்து விலகி இடத்துக்குத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். என்னால் முடியவில்லை.

அவர் இருக்கைகளைத் தடவித் தடவித் திரும்பி வந்தார். நெற்றியில் கறுப்புச் சிலுவை. என் பக்கத்தில் உட்கார்ந்து, மூடாத கண்ணை என் முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார்.

"நீ ஏன் போவல?"

அவர் கோயிலைச் சுற்றிப் பார்த்தார். அந்த மங்கல் கண்ணுக்கு என்ன தெரிந்ததோ, வரிசை வரிசையாகத் திரும்பி வருகிற நெற்றிகளையெல்லாம் வெகுநேரம் பார்த்தார். பிறகு என் காதோரம் குனிந்தார்.

"எல்லார் நெத்தியிலயும் எங்கம்மா பேரு இருக்குது பாரு. யாரு யாரோ போட்டுக்கிட்டுப் போறாங்க. அவ பேத்தி நீ, நீ மட்டும் சும்மா உக்காந்திருக்கியே. போ. போய் வாங்கிட்டு வா."

போனேன். கடைசி ஆள் நான்தான். சாமியார் என் நெற்றியில் சிலுவை வரைந்தார். திரும்பி வந்து உட்கார்ந்தேன். பூசும்போது கொஞ்சம் சாம்பல் என் மூக்கில் உதிர்ந்திருக்க வேண்டும். சின்ன வயதில் செய்வதுபோலவே பெரியம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு துடைக்க வந்தார். அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். சொல்லிவிடலாம் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். "துடைக்காதீங்க பெரியம்மா" என்று மட்டும் சொன்னேன்.